அபிலாசை: ஒரு சொல்லின் சமூக வரலாறு

மன்னர்களின் வெற்றி தோல்விகளையும் ஆட்சி மாற்றங்களையும் ஆராய்வதே வரலாறு என்ற கருத்து இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது. மக்கள் எதனை உண்டனர், எதற்கு அஞ்சினர், எதனை விரும்பினர் என்பனவும் வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியனவே. ஆயினும் விருப்பத்தை நேரே பதிவு செய்யும் சாசனங்கள் அரியன. இந்நிலையில், விருப்பத்தைச் சுட்டுவதற்கு ஒரு சமூகம் எச்சொல்லை எடுத்தாண்டது, எச்சொல்லைத் தவிர்த்தது என்பது நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் ஒன்றாகின்றது. இலங்கைத் தமிழில் இன்று பெருவழக்கிலுள்ள 'அபிலாசை' என்னும் சொல் தனிமனித உள்ளத்தைக் குறித்த நிலையிலிருந்து அரசியல் மேடையின் சொல்லாக மாறியமை எவ்வாறு என்பதையும், அம்மாற்றத்தில் அது பெற்றதையும் இழந்ததையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை ஆராயும் எண்ணத்தைத் தந்தது ஒரு சிறு நிகழ்ச்சியே. சென்ற விடுமுறையில் வடமராட்சியிலுள்ள எமது வீட்டில் அம்மம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தேன். வானொலியில் செய்தி முடிந்திருந்தது. தமிழ் மக்களின் அரசியல் அபிலாசைகள் பற்றி யாரோ ஒருவர் கூறியதை அச்செய்தியும் கூறியிருந்தது. "அம்மம்மா, உங்கடை அபிலாசை என்ன?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவர் சற்றும் தயங்கவில்லை. "அது செய்தியிலை சொல்லுறதெல்லே மோனை, எனக்கு என்னத்துக்கு அது?" என்றார். "அப்ப உங்கடை விருப்பம்?" என்று மீண்டும் கேட்டேன். "நான் கண் மூட முன்னம் உன்னை ஒரு உத்தியோகத்திலை காணோணும். வேறை என்ன?" என்றார்.

அம்மம்மாவின் விடையிலே இரு செய்திகள் உள்ளன. அபிலாசை என்னும் சொல்லை அவர் அறிவார், நாள்தோறும் கேட்கின்றார், ஆயின் அது தமக்குரிய சொல்லன்று என்று எண்ணுகின்றார். இது முதலாவது. தமது விருப்பத்தைக் கூறும்படி கேட்டபோது அவர் இன்னொருவரது வாழ்வைப் பற்றிய விருப்பத்தையே கூறினார் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் வரலாற்றுக் காரணங்கள் உண்டு.

சொல்லின் தோற்றம்

அபிலாசை என்பது 'அபிலாஷ' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். 'லஷ்' என்னும் வினையடி விரும்புதலைக் குறிக்கும்; 'அபி' என்னும் முன்னொட்டு ஒன்றை நோக்கிச் செல்லுதலை உணர்த்தும். எனவே ஒன்றை நோக்கி உள்ளம் செல்லும் விருப்பம் என்பது இச்சொல்லின் அடிப்படைப் பொருளாகும். சொல்லின் இடையில் வரும் ஷகரம் தமிழில் டகரமாதல் பழைய மரபு. விஷம் விடமாகவும் பாஷை பாடையாகவும் மாறியமை இதற்கு எடுத்துக்காட்டு. அம்மரபின்படி இச்சொல் 'அபிலாடை' என்றாகியிருத்தல் வேண்டும். ஆயின் அவ்வாறு எவரும் வழங்குவதில்லை. அபிலாஷை என்றும் அபிலாசை என்றுமே எழுதுகின்றோம். இலக்கண மரபின் வழிவந்த பழஞ்சொல்லாக அல்லாமல், எழுத்து வழக்கினூடாகவும் பத்திரிகை வழக்கினூடாகவும் நிலைபெற்ற சொல்லாகவே அது நமக்குத் தோன்றுகின்றது.

வடமொழியில் இச்சொல் பெற்றிருந்த சிறப்பிடம் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பரதரின் நாட்டிய சாத்திரம் காதல் கொண்டோரின் அவத்தைகள் பத்து எனக் கூறும். அவற்றுள் முதலாவது அபிலாஷம், இறுதியானது மரணம். தொல்காப்பியக் களவியலும் இதனை ஒத்த ஒரு நிரலைத் தருகின்றது. வேட்கையில் தொடங்கும் அந்நிரல் சாக்காட்டில் முடிகின்றது. ஒரு தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் விரும்பும் முதற்கணத்தின் பெயராக இருந்த சொல்லே இன்று ஓர் இனத்தின் அரசியல் வேண்டுகையைக் குறிக்கின்றது. சொற்பொருள் மாற்றத்துக்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

தமிழில் விருப்பத்தைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நசை, அவா, வேட்கை, விழைவு, நாட்டம், விருப்பு, ஆசை என அவை பல. தொல்காப்பிய உரியியல் நம்பு, மேவு என்பவற்றுக்கும் நசை என்னும் பொருளையே கூறுகின்றது. இன்று நம்புதல் என்பது விசுவாசத்தைக் குறிக்கின்றது. பழந்தமிழிலோ அது விருப்பத்தைக் குறித்தது. நம்பிக்கை என்று நாம் கூறுவதன் அடியில் ஒரு விருப்பம் மறைந்து கிடக்கின்றது. இத்துணைச் சொற்கள் இருக்கவும், மனித வாழ்வின் உயர்ந்த நாட்டத்தைக் கூற நாம் ஏன் ஒரு வடசொல்லை நாடினோம் என்னும் வினா எழுவது இயல்பே.

ஆசையும் அறமும்

இவ்வினாவுக்கான விடை சமய, அற மரபுகளிலே உள்ளது எனலாம். திருக்குறளின் 37 ஆவது அதிகாரம் அவாவறுத்தல். 18 ஆவது அதிகாரம் வெஃகாமை. பிறவித் துன்பத்தின் வித்து அவா என்பதே துறவறவியலின் நிலைப்பாடு. பௌத்தம் துன்பத்தின் காரணத்தைத் தண்ஹா என்றது. சார்பிற்றோற்றத்தின் பன்னிரு நிலைகளைத் தமிழில் தந்த மணிமேகலை, அப்பாளிச் சொல்லுக்கு நேராக வேட்கை என்னும் தமிழ்ச்சொல்லை அமைத்தது. பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் அத்தொடரிலே வேட்கை ஒரு கண்ணியாகும். சித்தர் பாடல்களும் சைவ மரபும் ஆசையை அறுக்கும்படியே போதித்தன. இவ்வாறு அவா, ஆசை, வேட்கை ஆகிய மூன்று சொற்களும் நூற்றாண்டுக் கணக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட சொற்களாகவே வழங்கி வந்துள்ளன. இன்றும் ஒருவரைப் பார்த்து "உனக்கு ஆசை கூடிப்போச்சு" என்றால் அது கண்டனமேயன்றிப் பாராட்டன்று.

அதே வேளை, வள்ளுவர் பொருட்பாலின் 60 ஆவது அதிகாரமாகிய ஊக்கமுடைமையில் மனிதன் எண்ணுவதெல்லாம் உயர்ந்தனவாய் இருத்தல் வேண்டும் என்ற கருத்தை வற்புறுத்துகின்றார். அங்கு அவர் பயன்படுத்துவது அவா என்னும் சொல்லன்று; உள்ளுதல், உள்ளம், ஊக்கம் என்னும் சொற்களையே எடுத்தாளுகின்றார். எனவே உயர்ந்த நாட்டம் வேறு, ஆசை வேறு என்னும் பாகுபாடு மிகப் பழையது. உலகியல் வாழ்வில் முன்னேற விழையும் ஒருவர் தமது விழைவைக் குற்றவுணர்வின்றிக் கூறுவதற்கு ஆசை என்பது போதவில்லை. இலட்சியம், குறிக்கோள், அபிலாசை ஆகிய சொற்கள் நவீன காலத்தில் இவ்விடத்தையே நிரப்பின. இவற்றுள் இலட்சியம் வடமொழியில் எய்யப்படும் இலக்கைக் குறிப்பது. குறிக்கோளும் அதே உருவகத்தைத் தமிழிலே தருகின்றது. அபிலாசையில் இலக்கு இல்லை; உள்ளத்தின் செலவே உண்டு. இவ்வேறுபாடு பின்னர் அரசியலில் முக்கியத்துவம் பெறுகின்றது.

அயல்மொழியாகிய சிங்களத்தை நோக்குமிடத்து ஒரு சுவையான ஒப்பீடு கிடைக்கின்றது. அங்கும் அபிலாஷய என்னும் சொல் வழங்குகின்றது. அதனோடு பிரார்த்தனா என்னும் சொல்லும் வாழ்த்து, விருப்பம், நாட்டம் ஆகிய பொருள்களில் வழங்குகின்றது. தமிழிலோ பிரார்த்தனை என்பது இறைவனிடம் செய்யும் வேண்டுதலையே குறிக்கும். தேர்தலில் நிற்பவரைச் சிங்களம் அபேக்ஷகயா என்கின்றது. தமிழிலும் முன்னர் அபேட்சகர் என்றே வழங்கினோம். பின்னர் அது வேட்பாளர் ஆயிற்று. அபேட்சை, வேட்பு இரண்டும் விருப்பத்தையே குறிப்பன. பதவியை விரும்பி நிற்பவர் என்பதே அப்பெயர்களின் நேர்ப்பொருள். அறநூல்கள் பழித்த வேட்கையின் அடிச்சொல், அரசியலில் பழிப்பற்ற பதவிப் பெயராயிற்று.

உத்தியோகம் என்னும் இலக்கு

தனிமனித நாட்டம் என்பது வெறும் உளவியற் பொருளன்று; அது சமூக அமைப்பினால் வடிவமைக்கப்படுவது. யாழ்ப்பாணத்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வடிவத்தைக் கொடுத்தது கல்வியாகும். 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியும், அதனையொட்டி எழுந்த ஆங்கிலப் பாடசாலைகளும், அவற்றுக்கு எதிர்வினையாக எழுந்த சைவப் பாடசாலைகளும் படித்த ஒரு பிரிவினரை உருவாக்கின. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இம்மண்ணினரே. வளங்குறைந்த நிலத்தில் தோட்டஞ்செய்து வாழ்ந்த குடும்பங்களுக்கு எழுதுவினைஞர் பதவி ஒரு புதிய உலகத்தைக் காட்டிற்று. அப்பதவியைத் தேடிக் கொழும்புக்குச் சென்றனர். மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் சென்றனர்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" என்னும் பழமொழி இச்சூழலின் விளைவேயாகும். அரசாங்கம் என்னும் பொருள்தரும் அந்நியச் சொல்லொன்று கிராமத்து நாவிலே கோறணமேந்தாகத் திரிந்து கோழியோடு கூடி நிற்பதை இப்பழமொழியிற் காண்கின்றோம். தொழிலின் சிறப்பைவிட அது தரும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பாதுகாப்புமே பெரிதாகக் கருதப்பட்டன. ஒருவர் உத்தியோகம் பெறுவது அவர் ஒருவருக்கு மட்டுமான பேறன்று. தம்பியின் படிப்பும் தங்கையின் சீதனமும் வீட்டின் கடனும் அதனோடு பிணைக்கப்பட்டிருந்தன. அம்மம்மா தமது விருப்பத்தைக் கூறுமாறு கேட்டபோது எனது உத்தியோகத்தைக் கூறியதன் காரணம் இதுவே. குடும்பத்தின் நாட்டம் ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றப்படுவது எமது சமூகத்தின் நீண்டகால வழக்கம். அப்பிள்ளை உண்மையிலே எதனை விரும்பியது என்னும் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

இவ்விலக்கு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று கொள்வதும் தவறு. சாதி அடிப்படையிலே பாடசாலைக் கதவுகள் மூடப்பட்டிருந்த காலமொன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது. சம ஆசனம், சம போசனம் ஆகியவற்றுக்காகப் போராடவேண்டியிருந்த மாணவர்களுக்கு உத்தியோகக் கனவு எவ்வளவு தொலைவில் இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தனி விருப்பம் பொது விருப்பமாதல்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விருப்பத்தைப் பற்றிய பேச்சு உலக அரசியலில் ஒரு புதிய மொழியைப் பெற்றது. முதலாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1918 பெப்ரவரி 11 ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சன் தமது நாட்டுக் காங்கிரசில் ஆற்றிய உரையில் தேசிய அபிலாசைகள் மதிக்கப்படல் வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல் மூச்சுவிடுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஒரு மனிதனின் மூச்சாக இருந்தது ஒரு தேசத்தின் மூச்சாயிற்று. இன்று நாம் அபிலாசை என்னும் சொல்லை அரசியலில் வழங்கும் முறை, அந்த ஆங்கிலச் சொல்லின் நிழலிலே வளர்ந்ததாகவே தோன்றுகின்றது.

இலங்கையிலே தமிழர் அரசியலின் தொடக்ககாலச் சொற்கள் இத்துணைப் பொதுமையானவையல்ல. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், முழுத் தீவுக்குமான சுயராச்சியத்தை வேண்டிற்று. டொனமூர் அரசியல் யாப்பு அதனை வழங்கவில்லை என்பதனால் 1931 ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தூண்டிற்று. சோல்பரி ஆணைக்குழுவின் முன் ஜீ. ஜீ. பொன்னம்பலம் வைத்த கோரிக்கை ஐம்பதுக்கு ஐம்பது எனப்பட்டது. 1949 டிசம்பரில் தொடங்கப்பட்ட இலங்கைத் தமிழரசுக் கட்சியின் சொல் சமஷ்டி. 1957 ஆம் ஆண்டு பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தத்தின் சொல் பிரதேச சபைகள். 1965 ஆம் ஆண்டு டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தத்தின் சொல் மாவட்ட சபைகள். இச்சொற்கள் ஒவ்வொன்றும் அளந்து பார்க்கக்கூடிய ஒரு பொருளைக் குறித்தன. கிடைத்ததா இல்லையா என்பதை எவரும் கூறிவிடலாம். கிடைக்கவில்லை என்பதே வரலாறு.

இதே காலத்தில் தனிமனித நாட்டங்களின் பாதையில் இனம், மொழி என்னும் தடைகள் எழுந்தன. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. கோறணமேந்தில் கோழி மேய்க்க விரும்பியவருக்கு அக்கோறணமேந்தின் மொழி அந்நியமாயிற்று. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தது. அவ்வாண்டு பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400 புள்ளிகளுக்கு 250 பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதியதாயிற்று. மருத்துவத்துக்கு அவ்வெண்கள் முறையே 250, 229 ஆகும். இடைப்பட்ட புள்ளிகளைப் பெற்று வீட்டிலிருந்த ஒரு மாணவரின் துயரம் முதலில் தனிமனிதத் துயரமே. ஆயின் அதற்குக் காரணம் அவரது திறமையன்று, அவர் பரீட்சை எழுதிய மொழி. எனவே அத்துயரத்தை நீக்குவதற்கும் தனிமனிதராக அவர் எதுவும் செய்ய இயலாது. தனி விருப்பம் பொது விருப்பமாக மாறும் இடம் இதுவே. பலரது தனித்தனி நாட்டங்கள் ஒரே காரணத்தால் தடைப்படும்போது அவை ஒரே குரலாகின்றன. அபிலாசை பன்மை விகுதி பெற்று அபிலாசைகள் என மேடையேறியமைக்கு இத்தகைய சமூக அடிப்படை உண்டு என்பதை மறத்தலாகாது.

தென்னிலங்கையிலும் நிறைவேறாத நாட்டங்கள் இருந்தன என்பதையும் இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். தாய்மொழிக் கல்வியின் பயனாகப் படித்து வெளிவந்த சிங்களக் கிராமத்து இளைஞர் பலர் தொழிலின்றி இருந்தனர். ஆங்கிலத்தை அவர்கள் கடுவ, அதாவது வாள், என்றனர். தம்மை வெட்டி வீழ்த்தும் கருவி என்பது அதன் பொருள். 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பின்னணியில் இந்நிலையும் இருந்தது. ஒரு சாராரின் நாட்டத்தை நிறைவு செய்வதற்கு இன்னொரு சாராரின் நாட்டத்தைக் குறைப்பதே வழி என்று ஆட்சியாளர் கருதியமை இந்நாட்டின் பெருந்துன்பங்களுள் ஒன்றாகும்.

மேடையின் சொல்

1976 மே 14 ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனியரசை வெளிப்படையாகக் கோரியது. 1983 யூலை வன்செயல்களின் பின்னர், அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் அவ்வாறு கோருவதைச் சட்டவிரோதமாக்கிற்று. அதன்படி சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் தமது ஆசனங்களை இழந்தனர். 1985 இல் திம்புப் பேச்சுகளின்போது தமிழர் தரப்பு தேசிய இனம், தாயகம், சுயநிர்ணயம், குடியுரிமை ஆகிய நான்கு கோட்பாடுகளை முன்வைத்தது. அவற்றை இலங்கை அரசாங்கம் ஏற்கவில்லை. பெயர் சொல்லிக் கேட்டவை மறுக்கப்பட்டன. ஒன்றின் பெயரைச் சொல்வதே குற்றமாயிற்று. இந்நிலையிலே பெயர் சொல்லாமற் சொல்லும் ஒரு சொல்லின் தேவை மிகுந்தது என்பது எனது கருத்து. இலக்கைக் குறியாது உள்ளத்தின் செலவை மட்டும் குறிக்கும் அபிலாசை அத்தேவைக்கு ஏற்றதாய் அமைந்தது. சமஷ்டியை விரும்புவோரும், அதிகாரப் பரவலாக்கலுடன் அமைவோரும், அதற்கு அப்பாற் செல்வோரும் அச்சொல்லை ஒருங்கே உச்சரிக்கலாம். சட்டத்தின் பிடியிலும் அது அகப்படாது. ஒரு சொல் இவ்வளவு பேருக்கு இடமளித்தமை அதன் வலிமையாகும்.

அதுவே அதன் மெலிவுமாகும். கோரிக்கை என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கோரிக்கைக்கு முன்னால் ஒருவர் இருக்கின்றார். அவர் ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூறவேண்டும். உரிமை என்னும் சொல்லுக்குப் பின்னால் சட்டமும் நியாயமும் நிற்கின்றன. அதனை மறுப்பவர் காரணம் காட்டவேண்டும். அபிலாசைக்கு எவரும் விடை கூறவேண்டியதில்லை. அதனை எவரும் நிராகரிப்பதுமில்லை. மதிக்கின்றோம், கவனத்திற் கொள்கின்றோம் என்று கூறிவிட்டால் போதுமானது. வில்சனின் உரையில் இருந்த அதே மதித்தல் என்னும் வினையே இன்றும் அதனைத் தொடர்ந்து வருகின்றது. 2015 மார்ச் 13 ஆம் திகதி இலங்கைப் பாராளுமன்றத்தில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் சமத்துவம், நீதி, சமாதானம், கௌரவம் ஆகியவற்றுக்கான இலங்கைத் தமிழரின் அபிலாசைகளுக்கு இடமளிக்கும் எதிர்காலத்தைப் பற்றியே பேசினார். உள்நாட்டுத் தலைவர்களும் வெளிநாட்டுத் தூதுவர்களும் இச்சொல்லை எத்தனை முறை உச்சரித்திருப்பர் என்பதைக் கணக்கிடுவது கடினம். உச்சரிப்பதால் எவருக்கும் எக்கடப்பாடும் ஏற்படுவதில்லை என்பதும் அதன் பெருவழக்குக்கு ஒரு காரணமாகலாம்.

பன்மையின் மறைவில்

இன்னொரு குறைபாடும் உண்டு. மக்களின் அபிலாசைகள் என்னும்போது அம்மக்கள் யாவர், அவர்களிடம் யார் கேட்டனர் என்னும் வினாக்கள் மறைந்துபோகின்றன. மலையக மக்களின் வரலாறு இதற்குக் கசப்பான உதாரணம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஏறத்தாழ 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் இரு அரசாங்கங்களும் உடன்பட்டன. தொழிலாளரிடமிருந்து விண்ணப்பங்கள் பெறப்பட்டது அதன் பின்னரே. எண்கள் முதலில் வகுக்கப்பட்டன. விருப்பம் பின்னர் வினவப்பட்டது. தான் பிறந்த லயத்திலேயே இருக்க விரும்பிய ஒரு தாயின் நாட்டம் அந்த எண்களுள் எதில் அடங்கும்?

தமிழ் பேசும் மக்கள் என்னும் தொடர் ஒரு காலத்தில் வடகிழக்குத் தமிழரையும் முஸ்லிம்களையும் மலையகத்தவரையும் ஒருங்கே அணைத்தது. அத்தொடரின் பெயரால் அபிலாசைகள் பேசப்பட்டுக்கொண்டிருந்த மண்ணிலிருந்தே 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். தமது ஊரில் வாழ்தல் என்னும் மிக எளிய நாட்டம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. பொது விருப்பத்தின் பெயரால் தனி விருப்பம் நசுக்கப்படும் அபாயத்தை இதனினும் வெளிப்படையாகக் காட்டும் நிகழ்ச்சி எமது வரலாற்றில் இல்லை. பிறர் எமக்கு இழைத்தவற்றை எழுதும் கை எம்மவர் இழைத்தவற்றையும் எழுதுதல் வேண்டும்.

அன்றாட வழக்கு

அவ்வாறாயின் சாதாரண மக்கள் தமது நாட்டங்களை எச்சொற்களாற் கூறுகின்றனர்? பேச்சு வழக்கில் அபிலாசை இல்லை என்றே கூறலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் "எனக்கு விருப்பம்" என்பதே பொதுவழக்கு. விருப்பம் என்னும் சொல் ஆசையைப் போலக் கறைபட்டதன்று. பாடத்தெரிவு முதல் மணமகன் தெரிவு வரை அது பயன்படுகின்றது. எட்டாத நாட்டத்தைக் கனவு என்கின்றோம். பாடசாலைப் பிள்ளைகள் கட்டுரைப் பாடத்திலே எனது எதிர்கால இலட்சியம் என்ற தலைப்பில் வைத்தியராவேன், ஆசிரியராவேன் என எழுதுகின்றனர். எழுதியவருட் பலர் அச்சொல்லைப் பின்னர் பயன்படுத்துவதேயில்லை.

மனத்தின் ஆழத்திலுள்ள நாட்டம் வெளிப்படும் இடம் வேறு. அது கோயில். பிள்ளைக்கு நோய் மாறவேண்டும், மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும், வெளிநாடு சென்றவன் பத்திரமாய்ச் சேரவேண்டும் என்று செல்வச்சந்நிதியிலும் வற்றாப்பளையிலும் நேர்த்தி வைக்கின்றனர். கத்தோலிக்கர் மடுமாதாவிடம் வேண்டுதல் செய்கின்றனர். முஸ்லிம்கள் தமது நாட்டத்தை இறைநாட்டத்துக்கு உட்பட்டதாகவே கூறுகின்றனர். நேர்த்தியிலே ஒரு சிறப்பு உண்டு. கேட்பவர் பெயர் உண்டு. கேட்கும் பொருள் உண்டு. நிறைவேறினால் செலுத்தவேண்டிய கடனும் உண்டு. அரசியல் மேடையின் அபிலாசையில் இவை எவையும் இல்லை. எமது மக்கள் தெய்வத்திடம் பேசும்போது காட்டும் தெளிவை அரசியல்வாதிகள் மக்களிடம் பேசும்போது காட்டுவதில்லை.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டமொன்றைத் தொடங்கினர். அப்பந்தலில் அமர்ந்த தாய்மாரின் கைகளில் இருந்தவை புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு பெயர். அவர்கள் கேட்டது ஒருமையிலானது: என் பிள்ளை எங்கே? அவர்களது வேண்டுகையை அபிலாசைகள் என்னும் பன்மையுள் அடக்குவது எளிது. ஆயின் அவ்வாறு அடக்கியபின் அக்கேள்விக்கு விடைகூறும் பொறுப்பு எவருக்கும் இல்லாமற் போகின்றது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் அபிலாசை என்னும் சொல்லைக் கைவிடுதல் வேண்டும் என்பது பெறப்படாது. தனிமனிதராக வெல்ல முடியாத தடைகளை எதிர்கொண்ட ஒரு மக்கள் தொகுதிக்கு ஒரு பொதுச்சொல் தேவைப்பட்டது. அத்தேவை இன்றும் நீங்கவில்லை. ஆயினும் பொதுச்சொல்லின் உள்ளே இருப்பவை தனி விருப்பங்களே என்பது மறக்கப்படுமாயின் அச்சொல் வெறும் ஓசையாகிவிடும். அரச அலுவலகத்தில் தன் மொழியிலே கடிதம் பெறுதல், தகுதிக்கேற்ற தொழில் பெறுதல், பிறந்த காணியில் குடியிருத்தல், தொலைந்த பிள்ளையின் செய்தி அறிதல் ஆகியவை அபிலாசையின் உள்ளீடுகள். அச்சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரிடமும் இவற்றுள் எதனைக் கருதுகின்றீர், எப்போது செய்வீர் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். மாணவராகிய நாமும் எமது கட்டுரைகளிலும் தீர்மானங்களிலும் அச்சொல்லை எழுதுமுன் அதனையே எம்மிடம் கேட்டல் தகும்.

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் நாளன்று, இக்கட்டுரையை எழுதப்போவதாக அம்மம்மாவிடம் கூறினேன். "அந்தச் சொல்லைப் பற்றியோ?" என்று கேட்டுச் சிரித்தார். பின்னர், "எழுது. ஆனா சோதினையையும் பார்" என்றார். அவரது விருப்பம் இன்னும் மாறவில்லை.